பெட்டியில் அச்சிடாத தேதி: நுகர்வோர் விவகாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
நுகர்வோர் விவகாரத் துறை, இந்திய அரசு,
கிருஷி பவன், புது டெல்லி.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை எழுதும்போது என் மேசையின் மேல் ஒரு வெற்று அட்டைப்பெட்டி இருக்கிறது. கோபிசெட்டிபாளையத்தில் தனியாக வசிக்கும் என் தந்தையின் வீட்டு வாசலுக்காக 2021ஆம் ஆண்டில் நான் வாங்கிய வைஃபை கேமராவின் பெட்டி அது. அதன் அடிப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைச் சீட்டில் அதிகபட்ச சில்லறை விலை, தயாரான மாதமும் ஆண்டும், இறக்குமதி செய்தவரின் முழு முகவரி, எந்த நாட்டில் உருவானது என்ற விவரம், குறை சொல்வதற்கு ஒரு தொலைபேசி எண் எல்லாம் ஒழுங்காக அச்சாகியிருக்கின்றன. ‘எண்ணிக்கை: 1’ என்றுகூட இருக்கிறது. பெட்டிக்குள் ஒரே ஒரு கேமராதான் இருக்கிறது என்பதைக்கூட வாங்குபவருக்குச் சொல்லியாக வேண்டும் என்று வற்புறுத்துபவை, தங்கள் துறை நிர்வகிக்கும் சட்டமுறை எடையளவு (பொட்டலப் பொருட்கள்) விதிகள், 2011. அந்த அக்கறையை நான் கேலி செய்யவில்லை. அதை நம்பித்தான் இந்த மடலையே எழுதுகிறேன். அந்தச் சீட்டில் இல்லாதது ஒன்றே ஒன்றுதான்: அந்தக் கேமரா எந்த நாள்வரை கேமராவாக இருக்கும் என்பது.

சென்ற ஆண்டு ஒரு நாள் காலையில், சேவை நிறுத்தப்பட்டது என்று ஒற்றை வரியைக் காட்டிவிட்டு அதன் செயலி நின்றுபோனது. பெட்டியில் இருந்த எண்ணை அழைத்தேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது பதிவுக் குரல். கேமராவைக் கழற்றி எடுத்துவந்து, சென்னை ரிச்சி தெருவில் எனக்குப் பல ஆண்டுகளாகப் பழக்கமான பழுதுநீக்குநர் ஒருவரிடம் கொடுத்தேன். அவர் பிரித்தார், மீட்டரை வைத்துச் சோதித்தார், திருகாணிகளைத் திரும்ப மாட்டினார். “போர்டுல ஒண்ணும் இல்ல சார். சர்வர்தான் இல்ல” என்று சொல்லி, கூலி வாங்காமல் அனுப்பிவிட்டார். லென்சில் கீறல் இல்லை, மோட்டாரில் பழுதில்லை. மின்சாரம் கொடுத்ததும் இன்றும் அது தலையை இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு, நடுவில் வந்து நின்று, சிவப்பு விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது.

உறவினர் வீடுகளிலும் அலுவலகத்திலும் எந்தப் போன் வாங்கலாம், எந்த டிவி நல்லது என்று கேட்பதற்கு ஒருவர் இருப்பார் அல்லவா, எங்கள் வட்டாரத்தில் அது நான்தான். புதிய கருவிகளின் அறிமுக விழாக்களை நள்ளிரவில் விழித்திருந்து பார்ப்பவன். அந்தக் கேமராவை மேலும் இரண்டு வீடுகளுக்குச் சிபாரிசு செய்தவனும் நானே. ஆகவே இதை நிறுவனங்களின் மீதான கோபமாக மட்டும் என்னால் எழுத முடியாது. நான் சொன்ன பொருள் எத்தனை காலம் உழைக்கும் என்று எனக்கே தெரியாமல்தான் இத்தனை ஆண்டுகளாகப் பிறருக்கு அறிவுரை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது ஏன் நேர்கிறது என்பதைப் பொறியியல் மொழி அதிகமில்லாமலே சொல்லிவிடலாம். வீட்டுக் கேமராவை வெளியூரிலிருந்து ஒரு கைபேசி பொதுவாக நேரடியாக அழைக்க முடியாது. வெளியிலிருந்து தானாக வரும் அழைப்பை வீட்டு ரூட்டர் உள்ளே விடுவதில்லை. எனவே கேமராவும் கைபேசியும் தனித்தனியே தயாரிப்பாளரின் சர்வரை, அதாவது அவர் இணையத்தில் நடத்தும் கணினியை, அழைத்து, அங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. அந்தச் சர்வருக்கு மாதாமாதம் செலவு உண்டு. வாங்கியவரோ ஒரே ஒருமுறை பணம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். புதிய கேமராக்கள் விற்றுக்கொண்டிருக்கும்வரை, புதியவர்கள் கொடுக்கும் பணம் பழையவர்களின் செலவைத் தாங்குகிறது. விற்பனை சரிந்ததும், புது ஆள் சேர்வதை மட்டுமே நம்பி நடத்திய சீட்டுக் கம்பெனியைப் போலக் கணக்கு முட்டிக்கொள்கிறது. மாதச் சந்தா வாங்கும் நிறுவனங்களுக்கு இந்த நெருக்கடி குறைவு. ஆனால் பத்து ரூபாய் வித்தியாசத்துக்கும் கடை மாறும் நம் சந்தையில் சந்தா கேட்கும் கேமராவை யார் வாங்குவார்கள்? நானும் வாங்கவில்லை.

இரண்டாவது காரணம் இன்னும் நுட்பமானது, எனக்கு இதைவிட வியப்பளித்ததும் அதுவே. ஒரு கருவி இணையத்தில் ஒரு சர்வரை நம்புவதற்கு டிஜிட்டல் சான்றிதழ்கள் தேவை. அவற்றுக்குக் காலாவதி நாள் உண்டு. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற இலவசச் சான்றிதழ் அமைப்பு அதுவரை சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானபோது, புதுப்பிப்பு நின்றுபோன பல பழைய கருவிகளால் எந்தக் குறையும் இல்லாத வலைத்தளங்களைக்கூடத் திறக்க முடியவில்லை. டிவியில் செருகி இணையப் படங்களைப் பார்க்க உதவும் கூகுளின் கருவி குரோம்காஸ்ட். 2015இல் வெளிவந்த அதன் இரண்டாம் தலைமுறை, 2025 மார்ச்சில் உலகெங்கும் ஒரே நேரத்தில் வேலைசெய்ய மறுத்தது. பத்தாண்டு ஆயுளோடு உள்ளே வைக்கப்பட்டிருந்த ஒரு சான்றிதழ் முடிந்துபோனதுதான் காரணம். கூகுள் பெரிய நிறுவனம், சில நாட்களில் புதுப்பிப்பு அனுப்பிச் சரிசெய்துவிட்டது. அந்த இடத்தில் ஒரு சிறு இறக்குமதியாளர் இருந்திருந்தால் அத்தனையும் அன்றோடு குப்பைதான். ஆக, ஒரு தேதி இக்கருவிகளுக்குள் ஏற்கெனவே எழுதப்பட்டுத்தான் இருக்கிறது. வாங்குகிறவருக்கு மட்டும் அது தெரிவதில்லை.

என் தந்தையின் கேமராவைப் போன்ற மலிவுப் பொருள்களுக்கு மட்டுமே இந்தக் கதி என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுத் தானியக்கக் கருவி 300 டாலருக்கு, ‘ஆயுள் சந்தா’ உட்பட என்று சொல்லி விற்கப்பட்டது. அந்த நிறுவனத்தை 2014இல் கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் வாங்கியது. 2016 மே மாதத்தில் சர்வர் மூடப்பட்டது. யாருடைய ஆயுள் என்பதைத்தான் யாரும் கேட்டிருக்கவில்லை. சட்டையில் குத்திக்கொள்ளும் செயற்கை நுண்ணறிவுக் கருவி என்று பெரும் ஆரவாரத்தோடு 699 டாலருக்கும் மாதம் 24 டாலர் சந்தாவுக்கும் 2024இல் சந்தைக்கு வந்த ஹியூமேன் ஏஐ பின், 2025 பிப்ரவரி 28 அன்று இணைப்பு அறுந்து நின்றது. அதன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தை 11.6 கோடி டாலருக்கு எச்பி வாங்கிக்கொண்டது. கருவியை வாங்கியவர்களில் கடைசி 90 நாட்களுக்குள் பெற்றவர்களுக்கு மட்டுமே பணம் திரும்பக் கிடைத்தது.

இவற்றுள் என்னை அதிகம் உலுக்கியது மாக்ஸி. குழந்தைகளோடு உரையாடிப் பழகுவதற்காக 799 டாலருக்கு விற்கப்பட்ட சிறு ரோபோ அது. அதை உருவாக்கிய எம்பாடிட் நிறுவனம் பணமில்லாமல் மூடப்போவதாக 2024 டிசம்பரில் அறிவித்தது. ரோபோவின் பேச்சு முழுவதும் தொலைவிலுள்ள சர்வரிலிருந்து வந்ததால், நிறுவனத்தோடு அதுவும் வாய்மூட வேண்டியதாயிற்று. நண்பன் இனிப் பேசமாட்டான் என்பதை ஐந்து வயதுப் பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்று பெற்றோர் தவித்தார்கள். வீட்டுக் கணினியிலேயே இயங்கும் மாற்று மென்பொருள் ஒன்று பின்னர் வந்தது என்பது ஆறுதல். ஆனால் அதை நிறுவிக்கொள்ளத் தெரிந்த பெற்றோருக்கு மட்டுமான ஆறுதல்.

இவை வெளிநாட்டுக் கதைகள்தாம். ஆயினும் இங்கு நேற்றுவரை சுவிட்சை மட்டுமே நம்பியிருந்த மின்விசிறி, ஏசி, கதவுப் பூட்டு, துணி துவைக்கும் இயந்திரம் ஆகியவை இப்போது செயலியோடு விற்பனைக்கு வருகின்றன; அவற்றின் மேல் செயற்கை நுண்ணறிவு என்ற சொல்லும் ஒட்டப்படுகிறது. அந்த நுண்ணறிவின் பெரும்பகுதி பொருளுக்குள் இல்லை. 2024 ஜனவரியில் கேலக்ஸி எஸ்24 போன்கள் அறிமுகமானபோது, அவற்றின் செயற்கை நுண்ணறிவு வசதிகள் 2025ஆம் ஆண்டு இறுதிவரை இலவசம் என்று சாம்சங் ஒரு அடிக்குறிப்பில் தெரிவித்தது. சொன்னதற்காக அந்நிறுவனத்தைப் பாராட்டுகிறேன். அடிக்குறிப்பில் சொன்னதுதான் உறுத்துகிறது. அதே போன்களுக்கு 7 ஆண்டு மென்பொருள் புதுப்பிப்பு என்ற வாக்குறுதியை அதே நிறுவனம் மேடையில் முழங்கத்தான் செய்தது. நீண்ட காலம் மேடைக்கு வருகிறது. குறுகிய காலம் பொடி எழுத்துக்குப் போகிறது.

முன்கூட்டியே தேதி சொல்வது நடக்காத காரியம் என்று தயாரிப்பாளர்கள் தங்களிடம் வாதிடக்கூடும். நடந்திருக்கிறது. விண்டோஸ் 10 வெளிவந்த 2015ஆம் ஆண்டிலேயே, அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடியும் என்று மைக்ரோசாஃப்ட் தன் கால அட்டவணையில் வெளியிட்டிருந்தது. அந்த நாள் வந்தபோது எழுந்த முணுமுணுப்பு, நன்றாக ஓடும் பழைய கணினிகளை விண்டோஸ் 11 ஏற்க மறுத்ததைப் பற்றியதே தவிர, தேதியைச் சொல்லாமல் ஏமாற்றிவிட்டார்கள் என்பதைப் பற்றியது அன்று. குரோம்புக் மடிக்கணினி ஒவ்வொன்றுக்கும் தானியங்கிப் புதுப்பிப்பு முடியும் மாதமும் ஆண்டும் உண்டு. கணினியின் அமைப்புகள் பக்கத்திலேயே அதைப் பார்க்கலாம். ஒரு பைசா வாங்காமல் கிடைக்கும் உபுண்டு இயங்குதளம், தன் நீண்டகால ஆதரவுப் பதிப்பு ஒவ்வொன்றுக்கும் 5 ஆண்டு என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இலவசமாகத் தருகிறவர்களால் முடிவது, 30,000 ரூபாய் வாங்குகிறவர்களால் ஏன் முடியாது?

சட்டங்களும் வந்துவிட்டன. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்தோடு இணையும் நுகர்பொருள்களின் தயாரிப்பாளர்கள், குறைந்தபட்சம் எந்த நாள்வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு வழங்கப்படும் என்பதை முடிவுத் தேதியோடு வெளியிட வேண்டும். வெளியிட்ட காலத்தைப் பிறகு குறைக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் திறன்பேசிகளுக்கும் டேப்லட்டுகளுக்கும், அந்த மாடலின் கடைசிப் பொருள் சந்தைக்கு வந்த நாளிலிருந்து குறைந்தது 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும். சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையப் பணியாளர்கள் 2024இல் 184 இணையக் கருவிகளின் வலைப்பக்கங்களை ஆராய்ந்தபோது, அவற்றில் 163 கருவிகளுக்கு எவ்வளவு காலம் மென்பொருள் புதுப்பிப்பு கிடைக்கும் என்ற தகவலே இல்லை.

நம் நாட்டில் தங்கள் துறை சும்மா இருக்கவில்லை என்பதை அறிவேன். 2022 டிசம்பரில் பழுதுநீக்கும் உரிமைக்கான இணையதளம் தொடங்கப்பட்டது. 2025 மே மாதத்தில் பழுதுநீக்கத் தகுதிக் குறியீட்டுக்கான குழு தன் அறிக்கையைத் தங்களிடம் அளித்தது. எளிதில் பிரிக்க முடிகிறதா, உதிரிபாகம் கிடைக்கிறதா, எத்தகைய திருகாணி, என்ன கருவிகள் வேண்டும், பழுதுநீக்கத் தகவல் தரப்படுகிறதா என்பவற்றோடு மென்பொருள் புதுப்பிப்பையும் ஓர் அளவுகோலாக அது சேர்த்திருக்கிறது. நல்ல முயற்சி. ஆனால் இதில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. திருகாணிக்கு மதிப்பெண் போடலாம், பசைக்கும் போடலாம். ஒரு தேதியை மதிப்பெண்ணாக மாற்றி மற்ற ஐந்தோடு கூட்டினால் அது கரைந்து மறைந்துவிடும். சுலபமாகக் கழற்ற முடிகிற, உதிரிபாகம் தாராளமாகக் கிடைக்கிற, இரண்டே ஆண்டில் புதுப்பிப்பு நின்றுபோகிற ஒரு போன் அந்தக் குறியீட்டில் நல்ல இடத்தைப் பிடிக்கக்கூடும். மருந்துக்கடையில் மாத்திரைப் பட்டையைத் திருப்பிப் பார்க்கும் என் தந்தை அதன் தரத்துக்கு எத்தனை புள்ளி என்று தேடுவதில்லை. எந்த மாதம், எந்த ஆண்டு என்றுதான் தேடுகிறார். மேலும், குறியீடு முதற்கட்டமாகத் திறன்பேசிகளையும் டேப்லட்டுகளையும் மட்டுமே எடுத்துக்கொள்கிறது. கேமரா, டிவி, பூட்டு, விளக்கு எல்லாம் வரிசையில் பின்னால் நிற்கின்றன. என் அனுபவத்தில் முதலில் சாகிறவை அவைதாம். சிசிடிவி கேமராக்கள் பாதுகாப்புச் சோதனையில் தேறித்தான் விற்பனைக்கு வர வேண்டும் என்று 2025இல் அரசு விதித்தது வரவேற்கத்தக்கது. அந்தச் சோதனை வாசலில் நடப்பது. வீட்டுக்குள் வந்தபின் எத்தனை காலம் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

ஆகவே என் வேண்டுகோள், 2011ஆம் ஆண்டு விதிகளில் இன்னொரு வரியைச் சேர்க்க வேண்டும் என்பதே. இணையத்தை நம்பி இயங்கும் ஒவ்வொரு பொருளின் பெட்டியிலும், ‘குறைந்தபட்சம் இந்த நாள்வரை’ என்று ஒரு தேதி, விலை அச்சிடப்படும் அதே அளவு எழுத்தில், அதே சீட்டில் அச்சிடப்பட வேண்டும். அந்தத் தேதி பாதுகாப்புப் புதுப்பிப்பை மட்டுமன்றி, பொருளின் அடிப்படை வேலைக்குத் தேவையான சர்வர் சேவையையும் குறிக்க வேண்டும். பிரிட்டன் சட்டம் முதலாவதோடு நின்றுவிட்டது, நாம் நிற்க வேண்டியதில்லை.

‘3 ஆண்டு’, ‘4 ஆண்டு’ என்று ஆண்டுக் கணக்கை மட்டும் அச்சிட அனுமதிக்க வேண்டாம் என்பதைத் தனியே வலியுறுத்துகிறேன். அந்தக் கணக்கு பல நிறுவனங்களில் பொருள் அறிமுகமான நாளிலிருந்து தொடங்குகிறது, நாம் வாங்கிய நாளிலிருந்து அல்ல. 3 ஆண்டு வாக்குறுதியோடு 2023இல் வந்த ஒரு போனை 2025 தீபாவளித் தள்ளுபடியில் பாதி விலைக்கு வாங்குகிறவருக்கு மிஞ்சியிருப்பது ஏறக்குறைய ஓர் ஆண்டோ அதற்கும் குறைவோதான். தள்ளுபடி ஏன் அவ்வளவு தாராளமாக இருக்கிறது என்பது விற்பவருக்குத் தெரியும். முதல் சம்பளத்தில் 9,000 ரூபாய்க்குப் போன் வாங்கும் பெண்ணுக்குத் தெரியாது. அதே போனில்தான் அவருடைய வங்கிக் கணக்கும் யுபிஐயும் இருக்கின்றன. அவர் அந்த விலைக்கு அதையேகூட வாங்கலாம், தெரிந்து வாங்கட்டும். எதிர்காலத்தை எங்களால் உறுதி சொல்ல முடியாது என்கிற நிறுவனம், ‘உறுதி இல்லை’ என்று அதே இடத்தில் அச்சிடட்டும். அதுவும் ஒரு தகவல்தான்.

இதற்குப் புதிய சட்டம் தேவை என்றும் எனக்குத் தோன்றவில்லை. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதும் தவறான விளம்பரமே என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஏற்கெனவே வரையறுத்திருக்கிறது. இன்னும் 14 மாதத்தில் நின்றுவிடப் போகும் பொருளை அந்த விவரம் சொல்லாமல் விற்பது அதற்குள் வருமா வராதா என்பதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஒருமுறை தெளிவுபடுத்தினாலே பாதி வேலை முடிந்துவிடும். சீட்டில் இடமில்லை என்ற பழைய சமாதானம் வந்தால், கியூஆர் குறியீட்டுக்குள் போட்டுக்கொள்ளுங்கள் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். மின்னணுப் பொருள்களுக்கு அந்தச் சலுகையை 2022இல் சில விவரங்களுக்குத் தங்கள் துறையே தந்தது. கடையில் நின்றபடி கியூஆர் குறியீட்டைப் படம்பிடித்துப் பார்த்துப் பொருள் வாங்கியவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

நிறுவனமே மூடிவிட்டால் தேதி என்ன செய்யும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை, கைபேசியோடு இணையும் பெப்பிள் கைக்கடிகாரத்தின் கதையில் கிடைக்கிறது. பெப்பிள் நிறுவனம் 2016இல் மூடியது. 2018 ஜூனில் அதன் சர்வர்களும் நின்றன. ரெபிள் என்ற பெயரில் தன்னார்வலர்கள் மாற்றுச் சேவையைத் தாங்களே நடத்தினார்கள். பின்னர் கைமாறித் தன்னிடம் வந்திருந்த அக்கடிகாரத்தின் இயங்குதள மூலநிரலை 2025 ஜனவரியில் கூகுள் எல்லோருக்கும் திறந்துவிட்டது. எந்த நிறுவனமும் நட்டத்தில் சேவையை ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. போகும்போது வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்கிறேன். என் கேமரா வீட்டு வைஃபைக்குள் மட்டுமாவது படம் காட்டும்படி ஒரு கடைசிப் புதுப்பிப்பு அனுப்பியிருந்தால், அது இன்றும் வேலைசெய்துகொண்டிருக்கும்.

ரிச்சி தெருவிலிருந்து திரும்பிய கேமராவை என் தந்தை மறுபடியும் வாசலிலேயே மாட்டச் சொன்னார். “இருக்கட்டும்பா, நமக்குத்தானே தெரியும், திருடனுக்குத் தெரியவா போகுது?” என்றார். போன வாரம் அவருக்கு டிவி வாங்க ஒரு கடைக்குப் போயிருந்தோம். முன்பக்கத்தில் மின்சாரச் சிக்கனத்துக்கான நட்சத்திரச் சீட்டு இருந்தது, ஆண்டுக்கு எத்தனை யூனிட் என்பதுவரை. நான் பெட்டியின் அடிப்பக்கத்தையும் சாய்த்துப் பார்த்தேன். என்ன தேடுகிறீர்கள் என்று கடைப் பையன் கேட்டான். தேதி என்றேன். தயாரான மாதத்தைக் கைகாட்டி, “புது ஸ்டாக்தான் சார்” என்றான்.

தங்கள் உண்மையுள்ள,
சென்னையிலிருந்து ஒரு நுகர்வோர்